பின்சக்கர புஷ்: கிரீஸிலிருந்து ரப்பருக்கு

பழைய காரில் பின்சக்கர சஸ்பென்ஷன் புஷ் மாற்றுவது பற்றிப் பெரும்பாலான சர்வீஸ் புத்தகங்களில் ஒரு எச்சரிக்கை இருக்கும். போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும், ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கக் கூடாது என்று. ஏன் என்று அதே பக்கத்தில் விளக்கம் அநேகமாக இருக்காது. நம்ம ஊர்ப் பட்டறைகளில் நான் பார்த்தவரை இந்த வரியை மதிக்கிறவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. இந்த ஒரு வரிக்குப் பின்னால் சுமார் நூறு வருடக் கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கிரீஸ் காலம். 1920களின் காரில் பின் அச்சைத் தாங்குவது கமான் பட்டை. பட்டையின் இரண்டு முனையிலும் ஒரு கண், கண்ணுக்குள் வெண்கல புஷ், அதற்குள் இரும்பு பின். பின்பக்க முனையில் மட்டும் ஷேக்கிள் என்கிற ஊஞ்சல், ஏனென்றால் பட்டை அமுங்கும்போது அதன் நீளம் மாறும். எல்லாமே உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகள். சாலையிலிருந்து வரும் மண்ணும் தண்ணீரும் நேராக அங்கேதான் போய் விழும். ஐந்நூறு மைலுக்கோ ஆயிரம் மைலுக்கோ ஒருமுறை கிரீஸ் அடிக்கணும். முன்னும் பின்னும் சேர்த்து ஒரு வண்டியில் இருபது முப்பது இடம்.

இந்தத் தொல்லையைக் குறைக்க அன்றைக்கு மெனக்கெட்டவர்கள் பலர். சிகாகோவில் ஆர்தர் குல்போர்க் அழுத்தத்தில் கிரீஸ் ஏற்றும் முறையை உண்டாக்கினார், அதுதான் அலெமைட். வியன்னாவிலிருந்து அமெரிக்கா போன ஆஸ்கர் ஜெர்க் பெயரில்தான் இன்றைக்கும் அமெரிக்காவில் கிரீஸ் நிப்பிளை ‘ஜெர்க்’ என்கிறார்கள். ஜோசப் பிஜூர் ஒரே பம்பிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியாக சேஸிஸ் முழுவதற்கும் எண்ணெய் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். பேக்கார்டு, ரோல்ஸ் ராய்ஸ் மாதிரி விலை உயர்ந்த வண்டிகளில் அது வந்தது. மூன்றுமே ‘எப்படிச் சுலபமாகக் கிரீஸ் போடுவது’ என்ற கேள்விக்கான பதில்கள். கிரீஸே வேண்டாம் என்றால் என்ன என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்வியை முதலில் கேட்டவர்களில் லாரிக்காரர்களும் உண்டு. 1920களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் மேக் நிறுவனம் பட்டை முனைகளை ரப்பர் கட்டைக்குள் பிடித்துவைத்து லாரி விற்றது. ஆனால் இன்றைய புஷ்ஷின் நேரடிப் பாட்டன் என்று சொல்ல வேண்டியது பெல்ஜியத்துக்காரரான லியோன் தீரியின் மூட்டைத்தான். பாரிஸின் ரெபுசோ நிறுவனம் அதை ‘சைலன்ட்பிளாக்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிரான்ஸில் இன்றும் எந்த கம்பெனி ரப்பர் புஷ்ஷையும் சைலன்ட்பிளாக் என்றே சொல்கிறார்கள், நாம் ஜெராக்ஸ் என்கிற மாதிரி.

தீரியின் யோசனை ரொம்ப எளிமை. தடித்த, குட்டையான ஒரு ரப்பர் குழாயை எடுத்து, அது சாதாரணமாக நுழையவே முடியாத வெளி உறைக்குள் அழுத்தித் திணித்து, உள்ளே ஒரு இரும்புக் குழாயையும் செலுத்திவிடுவது. ரப்பர் மெலிந்து நீளும். ஆனால் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த அழுத்தத்தாலேயே உள் குழாயையும் வெளி உறையையும் விடாமல் கவ்விக்கொள்ளும். இப்போது உள் குழாயை போல்ட் போட்டுச் சட்டத்தோடு இறுக்கிவிட்டால், சக்கரம் ஏறி இறங்கும்போது எந்தப் பரப்பும் எதன்மேலும் வழுக்காது. ரப்பரே முறுக்கிக்கொண்டு, பிறகு திரும்பி வரும். உரசல் இல்லை என்றால் தேய்மானம் இல்லை, கிரீஸ் இல்லை, மண் புக இடமும் இல்லை. பின்னாளில் வெறும் அழுத்தத்தை நம்பாமல், பித்தளை முலாம் பூசிய உலோகத்தோடு ரப்பரை வேதியியல் முறையில் ஒட்ட வைத்தார்கள். ரப்பரிலுள்ள கந்தகமும் பித்தளையிலுள்ள செம்பும் வினைபுரிந்து அந்தப் பிடிப்பு வருகிறது.

1934இல் வந்த சிட்ரோயென் டிராக்‌ஷன் அவான்ட் இந்த மூட்டை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. அதே காலத்தில் கிரைஸ்லரின் ‘ஃப்ளோட்டிங் பவர்’ முறையில் எஞ்சினும் ரப்பர் மேல் உட்கார ஆரம்பித்தது. அதற்கான உரிமத்தை சிட்ரோயெனும் வாங்கியிருந்தது. ஆக, பத்துப் பதினைந்து வருடத்துக்குள் காருக்குள் ரப்பரின் இடமே மாறிவிட்டது. அதுவரை டயரோடு நின்றது சேஸிஸ் மூட்டுக்குள் வந்துவிட்டது. இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அன்றைய ரப்பரில் பெரும்பகுதி மலாயா, டச்சு கிழக்கிந்தியத் தீவுகள், இலங்கைத் தோட்டங்களிலிருந்து போனது. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும் பங்கு தமிழர்கள். பாரிஸ் வண்டி சத்தமில்லாமல் ஓடியதில் அவர்கள் வியர்வையும் இருந்தது என்பதை எந்தக் கார் வரலாற்றுப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இப்போது முதல் வரிக்கு வருவோம். வெண்கல புஷ்ஷுக்கு ‘நடு நிலை’ என்று ஒன்று கிடையாது. எந்தக் கோணத்தில் முறுக்கினாலும் பின் வழுக்கிச் சுற்றிக்கொள்ளும். ரப்பர் புஷ்ஷுக்கு அது உண்டு. போல்ட்டை இறுக்குகிற அந்த நொடியில் கை எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுதான் ரப்பர் முறுக்கில்லாமல் ஓய்வாக இருக்கும் நிலை. ஒரு சின்னக் கணக்கு: புஷ்ஷிலிருந்து சக்கர மையம் வரை கையின் நீளம் 45 செ.மீ., ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் 10 செ.மீ. கீழே தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோண வித்தியாசம் கிட்டத்தட்ட 13 டிகிரி. தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், ரப்பர் 13 டிகிரி முறுக்கிய நிலையிலேயே காலம் தள்ளணும். வண்டி ஷெட்டில் சும்மா நிற்கும்போதுகூட அதற்கு ஓய்வு இல்லை. வேகத்தடை வந்தால் அந்த 13க்கு மேல் இன்னும் முறுக்கு. எனக்குத் தெரிந்த ஒரு வண்டிக்கு ஒரு பட்டறையில் இப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். எட்டே மாதத்தில் ஒரு பக்கம் சுற்றிலும் கிழிந்துவிட்டது. ‘டூப்ளிகேட் மால் சார்’ என்று ரப்பர் மேல் பழி போனது.

கிரீஸ் இல்லாத காலத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. சென்னைக்காரர்களுக்கு அது தெரிந்த வண்டிதான். ட்ரையம்ப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வந்தபோது அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று, கிரீஸ் வேலை அநேகமாக இல்லை என்பது. மூட்டுகளில் ரப்பரும் நைலானும் வைத்திருந்தார்கள். பின்சக்கர டிரன்னியனில் நைலான் புஷ், முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கிற கம்பியில் ரப்பர். பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் அதையே ஸ்டாண்டர்டு ஹெரால்டாகச் செய்தது. ஆனால் ‘அநேகமாக’ என்பதில்தான் சிக்கல். முன்சக்கர டிரன்னியனுக்கு மட்டும் எண்ணெய் கொடுத்தே ஆகணும், கிரீஸ்கூட இல்லை, கியர் எண்ணெய். கிரீஸே வேண்டாத வண்டி என்று நம்பி அதையும் விட்டவர்களின் கார்களில் அந்த மூட்டு ஒடிந்து முன்சக்கரம் மடிந்து போனது. ஹெரால்டு வகைக் கார்களை வைத்திருப்பவர்கள் இன்றும் ஒருவரையொருவர் எச்சரிக்கும் விஷயம் இது.

கிரீஸ் அடிக்க ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்தார். கிரீஸ் அடிக்கும் சாக்கில் எல்லா மூட்டையும் பார்த்தார், ஆட்டினார். ரப்பர் வந்ததும் அடியில் போக வேண்டிய காரணமே போய்விட்டது. என் தொழிலில், ஒரு பிழைச் செய்தியும் எழுதாமல் மெதுவாகத் தப்புப் பண்ணிக்கொண்டே இருக்கும் நிரல்தான் ரொம்ப ஆபத்து. ரப்பர் புஷ் அந்த ஜாதி.

எவ்வளவு ஆபத்து என்பது, பொறியாளர்கள் அதே நெகிழ்வை வேண்டுமென்றே பயன்படுத்தியபோது நன்றாகத் தெரிந்தது. வளைவில் போகும்போது திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், சாய்ந்த கை கொண்ட பின் சஸ்பென்ஷனில் வெளிப்பக்கச் சக்கரம் சற்று வெளிப்புறமாகத் திரும்பும், வண்டியின் வால் வீசும். 1977இல் வந்த போர்ஷே 928இன் ‘வைஸாக்’ அச்சில் முன்பக்க மூட்டை அசையவிட்டு, அதே விசையால் சக்கரம் உட்புறமாகத் திரும்பும்படி செய்தார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நெகிழ்வு ஒரு வண்டியின் குணத்தையே மாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அப்படியானால் கிழிந்த புஷ் தன்னிஷ்டத்துக்குக் கொடுக்கும் நாலைந்து மில்லிமீட்டர் என்ன செய்யும்? ஸ்டீயரிங் முன்னால் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், பின்சக்கரமும் கொஞ்சம் திருப்பிக்கொண்டிருக்கும். மழையில் நெடுஞ்சாலையில் லேன் மாறும்போது இது விளையாட்டு இல்லை.

இன்று நம் சாலையில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது முறுக்கு அச்சு. ஸ்விஃப்ட், போலோ எல்லாம் அப்படித்தான். அந்த அச்சு மொத்தத்தையும் உடலோடு பிடித்திருப்பது முன்பக்கம் இருக்கும் இரண்டே இரண்டு பெரிய புஷ். இவற்றின் ரப்பரில் சில இடத்தில் வேண்டுமென்றே பள்ளம் விட்டிருப்பார்கள், ஒரு திசையில் மெத்தென்றும் இன்னொரு திசையில் விறைப்பாகவும் இருக்கட்டும் என்று. அதனால் பழையதை எடுக்கும் முன் பள்ளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அச்சில் பெயின்ட் குறி போட்டுவிடுங்கள். திருப்பிப் போட்ட புஷ்ஷும் ‘டைட்’டாகத்தான் இருக்கும், வண்டி மட்டும் வேறு வண்டியாகிவிடும்.

சில மாடல்களுக்கு புஷ் தனியாகக் கிடைக்காது, அச்சு மொத்தமாக வாங்கு என்பார்கள். அங்கேதான் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் லேத் பட்டறைகளும் உதவிக்கு வருகின்றன. சிலர் பாலியூரித்தேன் போடச் சொல்வார்கள். அது ரப்பரைவிட விறைப்பு, எண்ணெய் பட்டாலும் கெடாது. ஆனால் பெரும்பாலான பாலியூரித்தேன் புஷ்ஷில் உள் குழாய் ஒட்டியிருக்காது, உள்ளே வழுக்கிச் சுற்றும். அதனால் தொங்கும் நிலையில் முறுக்கினாலும் கவலையில்லை. அதே காரணத்தால் காய்ந்து போனால் கிரீச்சிடும். டப்பாவைத் திறந்தால் புஷ்ஷோடு ஒரு சின்னப் பாக்கெட் கிரீஸும் இருக்கும்.