துணி சுருங்குவது யார் குற்றம்?

புதுச் சட்டை முதற் சலவையிலேயே சுருங்கிவிட்டால் நாம் சலவைக்காரரைக் கடிந்துகொள்கிறோம். குற்றம் பெரும்பாலும் அவருடையதன்று என்பதை அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்று விளக்குகிறது.

நியூயார்க் மாநிலத்து டிராய் நகரம், தனியே கழற்றி வெளுக்கத்தக்க காலர்களுக்குப் பெயர் பெற்றது. முதல் உலகப் போருக்குப்பின் மக்கள் காலர் சேர்த்துத் தைத்த சட்டைகளை விரும்பினர். அவையோ சலவையில் சுருங்கிக் கழுத்தை இறுக்கின. அந்நகரத்துக் காலர் நிறுவனமொன்றைச் சேர்ந்த சான்ஃபோர்ட் குளூயெட் இதனை ஆராய்ந்தார். ஆலையில் துணி நீளவாக்கில் இழுக்கப்படுகிறது. நீர் பட்டதும் அது தன் இயல்பான அளவுக்குத் திரும்புகிறது. ஆகவே, தைக்குமுன்னரே துணியை நெருக்கிச் சுருக்கும் பொறியை அவர் அமைத்தார். 1930-ஆம் ஆண்டையொட்டி வழக்கிற்கு வந்த அம்முறை, அவர் பெயரையொட்டிச் ‘சான்ஃபரைஸ்’ எனப்பட்டது.

கம்பளியின் இயல்பு வேறு. அதன் இழைகளிலுள்ள நுண்ணிய செதிள்கள், வெந்நீரில் கசக்கினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பின்னர் அவற்றைப் பிரிக்க இயலாது.

வடநாட்டுக் குளிருக்குக் கம்பளி வாங்கும் நம்மவர், அதனைக் குளிர்ந்த நீரில் கசக்காது அலசி, முறுக்கிப் பிழியாது, நிழலில் விரித்து உலர்த்துக. பருத்தித் துணியை நனைத்து உலர்த்தியபின்னரே தையற்காரரிடம் அளிக்க. சுருங்குவது முன்னரே சுருங்கிவிட்டால், பின்னர் எவரையும் நோவ வேண்டியதில்லை.