ஃபேரர் பார்க்கும் ஆய்த எழுத்தும்

சிங்கப்பூர் நகராட்சித் தலைவராக 1919 முதல் 1931 வரை விளங்கியவர் ரோலண்ட் ஜான் ஃபேரர். அவர் பெயரைத் தாங்கிய ஃபேரர் பார்க்கைத் தமிழில் எழுதுங்கால் ஆய்தமே முதலில் நிற்கிறது. தொல்காப்பியமோ ஆய்தத்தைக் குற்றெழுத்துக்கும் வல்லெழுத்துக்கும் இடையே வைத்தது. மொழிக்கு முதலில் அது வாராது.

இம்மீறல் அச்சுக்கோப்போர்க்கு எளிதாயிற்று. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், புதிய எழுத்தொன்று வேண்டுமாயின் அச்சு வெட்டி, அளவுதோறும் வார்த்து, எழுத்துப் பெட்டியில் தனி அறையும் ஒதுக்க வேண்டும். ஆய்தமும் பகரமும் முன்னரே பெட்டியில் இருந்தன. அவற்றை அடுத்தடுத்துக் கோத்த அளவில் அயலொலிக்கு வடிவம் கிடைத்தது.

2003-இல் திறக்கப்பட்ட ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் அவ்வடிவமே விளங்குகிறது. எழுத்தைப் பெருக்காமலே ஒலியைப் பெருக்கிக்கொள்ளத் தமிழுக்கு இயலும் என்பதற்கு அப்பலகை சான்று.