சி6எச்0: ஒரு சீசன், இரண்டு ஞாபகங்கள்

அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து டேன்வில் என்கிற சின்ன ஊரில், பழைய தபால் நிலையக் கட்டடத்துச் சுவரில் ஒரு எழுத்து இருக்கிறது: சி6எச்0. பார்த்தால் ரசாயன வகுப்பில் யாரோ தப்பாக எழுதிவிட்டுப் போன சூத்திரம் மாதிரி இருக்கும். கார்பன் ஆறு, ஹைட்ரஜன் பூஜ்யம்! ஆனால் அது ஒரு ஸ்கோர். சென்டர் காலேஜ் 6, ஹார்வர்டு 0. தேதி 1921 அக்டோபர் 29.

நாம் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டம் இல்லை இது. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். எல்லைக்கோட்டைத் தாண்டினால் 6 பாயிண்ட். சென்டரில் அப்போது மொத்தமே சுமார் 300 மாணவர்கள். ஹார்வர்டோ 1919, 1920 இரண்டு சீசனிலும் தோற்கவே இல்லை. 1920 ஜனவரியில் ரோஸ் பவுல் போட்டியையும் ஜெயித்த அணி.

எலி யானையைச் சாய்த்த கதை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கொஞ்சம் தோண்டிப் பார்த்தபோது வேறு மாதிரி தெரிந்தது.

சென்டரின் நட்சத்திர ஆட்டக்காரர் போ மெக்மில்லின் கென்டக்கிக்காரரே இல்லை. டெக்ஸாஸில் ஃபோர்ட் வொர்த் ஊரில் வளர்ந்தவர். அங்கே பள்ளியில் அவருக்குப் பயிற்சி கொடுத்த ராபர்ட் மையர்ஸ், சென்டரில் படித்தவர். தன் பழைய காலேஜுக்கு ஒரு நல்ல டீம் வேண்டும் என்று தன் பையன்களை அங்கே கொண்டுவந்தார். மெக்மில்லினுக்குக் காலேஜில் சேரத் தேவையான பாடங்கள் முடிந்திருக்கவில்லை. அதனால் முதலில் கென்டக்கியிலேயே சாமர்செட் ஊர்ப் பள்ளியில் படிக்கவைத்து, பிறகு சேர்த்தார்கள். 1917-ல் பயிற்சியாளராக வந்த சார்லி மொரானும் சாதாரண ஆள் இல்லை. பேஸ்பால் நேஷனல் லீக்கில் நடுவராக இருந்தவர். 1909 முதல் 1914 வரை டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர்.

ஆக, காலேஜ்தான் சின்னது, திட்டம் சின்னதில்லை. 1919-லேயே மெக்மில்லின் அகில அமெரிக்க அணியில் இடம்பிடித்துவிட்டார். 1920-ல் சென்டர் முதல் தடவை ஹார்வர்டுக்குப் போனபோது பாதி ஆட்டம்வரை 14-14. கடைசியில் 31-14 என்று தோற்றார்கள். அடுத்த வருஷம் அதே மைதானத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

முதல் பாதியில் யாருக்கும் பாயிண்ட் இல்லை. இரண்டாம் பாதி ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மெக்மில்லின் 32 யார்டு ஓடி எல்லையைத் தாண்டினார். கூடுதல் ஒரு பாயிண்டுக்கான உதை தவறிவிட்டது. அது மட்டும் உள்ளே போயிருந்தால் இந்த அழகான சூத்திரமே கிடைத்திருக்காது, பாருங்க!

ஊர்க்காரர்கள் கொண்டாடினார்கள். அது நியாயம்தான். ஆனால் சீசன் அங்கே முடியவில்லை. ஒன்பது ஆட்டத்தில் ஒன்பதும் வெற்றி. எடுத்த பாயிண்ட் 282, விட்டது வெறும் 6. டிசம்பர் 26 அன்று சான் டியேகோவில் அரிசோனாவை 38-0 என்று அடித்தார்கள். அதன்பிறகு 1922 ஜனவரி 2 அன்று டல்லாஸில் டிக்ஸி கிளாசிக் போட்டி. எதிரணி யார் தெரியுமா? மொரான் முன்பு பயிற்சி கொடுத்த அதே டெக்ஸாஸ் ஏ அண்ட் எம். மெக்மில்லினுக்குச் சொந்த மாநிலம். அன்றைக்கே அவருக்குக் கல்யாணமும் நடந்தது. தாலி கட்டிய கையோடு மைதானம் என்று நம்மூரில் சொல்வோமே, அந்த மாதிரி.

சென்டர் 22-14 என்று தோற்றது.

எனக்கு இந்தத் தோல்விதான் முக்கியமாகப் படுகிறது. அன்று ஏ அண்ட் எம் அணியில் ஆள் மேல் ஆளாக அடிபட்டு வெளியே போனார்கள். மாற்று ஆள் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில், பத்திரிகையாளர் மேடையில் உதவிக்கு இருந்த கிங் கில் என்ற மாணவரைப் பயிற்சியாளர் டானா பைபிள் கீழே கூப்பிட்டார். கூடைப்பந்து ஆடப் போய்விட்ட பையன் அவர். அடிபட்டவரின் உடுப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை ஓரத்தில் தயாராக நின்றார். அவரை இறக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஆனால் அவர்தான் இன்றைக்கும் ‘பன்னிரண்டாவது ஆள்’. அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் அவர் நினைவாக ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிறார்கள். அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பெயருக்கு டிரேட்மார்க்கூட வாங்கி வைத்திருக்கிறார்கள்.

ஒரே அணி, ஒரே சீசன். ஒரு ஊர் அக்டோபரை எடுத்துக்கொண்டது, இன்னொரு ஊர் ஜனவரியை. டேன்வில் சுவரில் டல்லாஸ் ஸ்கோரை யாரும் எழுதவில்லை. ஏ அண்ட் எம் கதையிலோ சென்டர் வெறும் எதிரணி. இரண்டிலும் விட்டுப்போனது, நடுவே இருந்த அந்த ஐந்தாறு வருஷ உழைப்பு: மையர்ஸின் ஆசை, மறுபடி பள்ளிக்கூடம் போன பையன்கள், முதல் தடவை வாங்கிய 31-14 அடி. ‘அதிசயம்’ என்று சொல்லிவிட்டால் இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, இல்லையா?

மெக்மில்லின் பிறகு பயிற்சியாளராகி, 1945-ல் இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு அதன் முதல் பிக் டென் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். சென்டர் இன்று விளையாட்டு உதவித்தொகையே தராத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. சுவரில் எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.