ஈரல் நோயில் ஆள்மாறாட்டம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று வைத்தியரின் துண்டு இல்லாமலே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள முடிகின்றது. கண் மஞ்சளித்ததும் ஆய்வுகூடத்துக்குச் சென்று, கிடைத்த அறிக்கையைக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்து, நோய் இன்னதென்று வீட்டிலேயே தீர்மானித்துவிடுவோரும் உளர். ஈரல் நோயைப் பொறுத்தவரை இது பாரதூரமானது என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனம் சொந்த ஈரலையே பகையெனக் கருதித் தாக்குவது தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி எனப்படும். 1950இல் சுவீடன் மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ரோம் விவரித்த இந்நோய் பெண்களையே அதிகம் பீடிக்கின்றது. ஈரல் நொதியங்கள் உயரும். ஐஜிஜி என்னும் புரதம் பெருகும். கலங்களின் கருவுக்கும் மழமழப்பான தசைக்கும் எதிரான பிறபொருளெதிரிகள் இரத்தத்தில் தென்படும்.

சிக்கல் இங்குதான் ஆரம்பமாகின்றது. ஹெப்பற்றைற்றிஸ் ஏ, ஈ ஆகியவற்றிலும், சுரப்பிக் காய்ச்சலை உண்டாக்கும் எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றிலும் இதே பிறபொருளெதிரிகள் சிலகாலம் தோன்றி மறைவதுண்டு. நாட்பட்ட ஹெப்பற்றைற்றிஸ் சி நோயிலும் அவை காணப்படலாம். 2007இல் கம்பளையிலும், 2009இல் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டிருந்த எமது மக்களிடையேயும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ பரவியது. ஊரே மஞ்சளித்தால் தொற்று என்பது எவருக்கும் விளங்கும். கொழும்பில் மாடிவீடொன்றில் தனியொருவருக்குச் செங்கமாரி காணும்போதே தடுமாற்றம் ஏற்படுகின்றது.

இத்தடுமாற்றத்துக்கு விலையுண்டு. தன்னெதிர்ப்பு நோய்க்குரிய மருந்து பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொய்ட் ஆகும். அது நிர்ப்பீடனத்தைத் தணிக்கும். உடலில் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரஸோ காசநோய்க் கிருமியோ பதுங்கியிருப்பின், அது தலைதூக்க இடமளிக்கும். இலங்கையில் குழந்தைகளுக்கான ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசித் திட்டம் 2003இலேயே ஆரம்பமானது. அதற்கு முன் பிறந்தோரில் பலர் இத்தடுப்பூசியைப் பெற்றிராதவர்கள். மறுபுறத்தில், உண்மையான தன்னெதிர்ப்பு நோயைத் தொற்றென்று எண்ணிக் காத்திருந்தால் ஈரல் வடுப்பட்டுச் சுருங்கிவிடும். தொற்றே இந்நோயைத் தூண்டிவிட்ட சந்தர்ப்பங்களும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

எனவேதான் சர்வதேச நிபுணர் குழு 2008இல் எளிமைப்படுத்திய அளவுகோல், பிறபொருளெதிரி, ஐஜிஜி, ஈரல் இழையப் பரிசோதனை ஆகியவற்றோடு வைரஸ் தொற்று இல்லையென உறுதிசெய்வதையும் சேர்த்தே கணக்கிடுகின்றது. பிறபொருளெதிரி அறிக்கை அதில் நான்கிலொரு பங்குதான்.

கீழ்க்காய்நெல்லியால் மாறியதாகக் கூறப்படும் செங்கமாரிகளில் பெரும்பாலானவை தாமாகவே மாறும் தொற்றுகள் என்பதே எமது கருத்து. சீந்தில் கொடியின் கதை வேறு. கொரோனா காலத்தில் அதனை உட்கொண்டோரிடம் தன்னெதிர்ப்பு நோயையொத்த ஈரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் வெளியிட்டனர். ஓதிப் பார்த்தாலும் பார்வை பார்த்தாலும், குடித்த கசாயத்தை வைத்தியரிடம் மறைக்கலாகாது. ஏற்கெனவே ஸ்டீரொய்ட் எடுப்போர் இதை வாசித்துவிட்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானதே.