நின்றவரும் அமர்ந்தவரும்: மேற்குச் சென்னைக் கடைவீதிகளில் மரியாதையின் வரலாறு

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றின் கடைவீதிகளில், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான மரியாதை வாய்ச்சொல்லில் வெளிப்படுவதற்கு முன்பே, யார் அமர்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்பதில் வெளிப்பட்டுவிடும். ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலத்தில் இந்த ஒழுங்கு தலைகீழாக மாறியது. அந்த மாற்றத்தின் சுமையைத் தாங்கியவர்கள் கடைப் பணியாளர்களே.

இம்மூன்றில் நெடுஞ்சாலை ஊராகவும் பிரிட்டிஷ் படையினர் தங்கும் இடமாகவும் இருந்த பூந்தமல்லியின் கடைத்தெரு பழையது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை பூந்தமல்லியைத் தொடாமல் அம்பத்தூர், ஆவடி வழியாகச் சென்றதால், பிற்காலத் தொழில் வளர்ச்சியும் அந்தப் பக்கமே சாய்ந்தது. இவ்வூர்களின் பழைய மளிகைக் கடையில் முதலாளி கல்லாவில், அதாவது பணப்பெட்டிக்குப் பின்னால், அமர்ந்திருப்பார். கடைப்பையன் தராசு பிடித்துப் பொட்டலம் கட்டுவான். வாங்க வந்தவர் படியில் நிற்பார். ஜவுளிக் கடையிலோ விரித்த ஜமக்காளத்தின் மீது இருவருமே அமர்ந்து, புடைவையைப் பிரித்துப் பார்த்து, விலை பேசி, மீண்டும் மடித்து வைப்பார்கள். பொறுமை இழந்து குரலை உயர்த்துவது உட்கார்ந்திருக்கும் இருவருக்கும் அவ்வளவு எளிதன்று.

சுதந்திரத்திற்குப் பின் இவ்வூர்களுக்கு முன்பின் அறியாத மனிதர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பின் டன்லப் டயர் ஆலையும், 1960களில் தொழிற்பேட்டையும் வந்தன. ஆவடியில் 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. தாத்தா பெயரைச் சொல்லி அறிமுகமாகும் கிராமத்து வழக்கம் இங்கே செல்லாது என்பதால், கடைக்காரர் வந்தவரின் சட்டையைப் பார்த்தே கணக்குப் போட வேண்டியதாயிற்று. பெரிய ஆலையின் சீருடை அணிந்த நிரந்தரத் தொழிலாளிக்கு மாதக் கணக்கு நோட்டு, அதாவது சம்பள நாளில் தீர்க்கும் கடன், தயங்காமல் திறக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலிக்கு ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற பலகை காட்டப்பட்டது. பார்த்த மாத்திரத்தில் ஆளை எடைபோடும் இப்பழக்கத்தில் வணிகத் தற்காப்பும் இருந்தது, அநீதியும் இருந்தது. தற்காப்பைக் காரணம் காட்டி அநீதியை மறைத்துவிட முடியாது.

எடைபோடுதல் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. வாங்குவோரும் கடைகளை அண்ணாச்சி கடை, பாய் கடை, நாயர் கடை, சேட்டு கடை என்று உரிமையாளரின் சமூகத்தாலும் பிறந்த ஊராலுமே அடையாளப்படுத்தினர். தென்மாவட்டங்களிலிருந்து வந்த மளிகை வணிகரை அழைக்கும் ‘அண்ணாச்சி’ உறவும் மரியாதையும் கலந்த விளி. ஆயினும் அவர் தராசில் கை வைப்பார் என்ற ஐயமும் அந்த விளியோடு ஒட்டிக்கொண்டே வந்தது. ‘சேட்டு’ என்று அழைக்கப்பட்ட, அடகுக் கடை நடத்திய மார்வாடிகள் 1943ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றுத் தொழில் செய்தவர்கள் என்பதை எவரும் நினைப்பதில்லை. சேட்டு என்றால் வட்டி என்ற எண்ணமே நிலைத்தது.

முதல் பார்வையின் ஆட்சியை மிகத் தெளிவாகக் காட்டுவது போணி என்னும் வழக்கம். போணி என்பது அன்றைய முதல் விற்பனை. அது தட்டிப்போனால் நாள் முழுவதும் வியாபாரம் ஓடாது என்ற நம்பிக்கையால், முதல் வாடிக்கையாளர் கேட்ட விலைக்கே சிலர் இறங்கி வருவர். கொடுத்த நோட்டைக் கண்களில் ஒற்றிக் கல்லாவில் போடுவர். கைராசி உள்ளவர் என்று பெயரெடுத்தவரை அழைத்து முதல் பொருளை வாங்கச் செய்வதும் உண்டு. ஆனால் காலையில் வந்து விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புபவர் முதுகுக்குப் பின்னால் வசவு கேட்க நேரும்; கணவனை இழந்த பெண் முதலில் வந்தால் சகுனம் சரியில்லை என்று முகம் சுளித்தவர்களும் இருந்தனர். காசு கொடுத்து வாங்க வந்த ஒரு பெண்ணை வாசலிலேயே புண்படுத்திய இந்த வழக்கத்தை மரபு என்று சொல்லி மன்னிப்பதற்கில்லை.

பொருளைத் தானே எடுத்துக்கொள்ளும் சூப்பர் மார்க்கெட்டுகளும், அம்பத்தூரை அடுத்த பாடி போன்ற இடங்களில் எழுந்த பலமாடிக் கடைகளும் பழைய ஒழுங்கைக் கவிழ்த்தன. முதலாளி கண்ணுக்குத் தெரியாத அறைக்குப் போய்விட்டார். வாங்குபவர் அமர்ந்தார் அல்லது விரும்பியபடி உலவினார். பணியாளர் காலையிலிருந்து இரவு வரை நின்றார். நிற்பதே பணிவு, அமர்ந்திருப்பது அலட்சியம் என்ற புதிய முத்திரை பிறந்தது. முப்பது புடைவைகளைப் பிரித்துக் காட்டியபின் வாடிக்கையாளர் வாங்காமல் எழுந்தாலும், சிரித்த முகத்துடன் அத்தனையையும் மடித்து அடுக்க வேண்டியவர் அந்தப் பணியாளரே. வாடிக்கையாளரைப் போற்றச் சொல்லும் வாசகம் ஒன்று காந்தியின் பெயரால் இன்றும் பல கடைகளில் தொங்குகிறது. அது காந்தியின் எழுத்துகளில் கிடைக்கவில்லை; அதன் மூலம் 1941இல் அமெரிக்க மோட்டார் நிறுவன அதிகாரி ஒருவரின் கூற்று வரை செல்கிறது. கடைப் பணியாளரின் துயரைத் தமிழ்ச் சமூகத்தின் பொதுப் பார்வைக்குக் கொண்டுவந்தது, தியாகராய நகர் ரங்கநாதன் தெருவைக் களமாகக் கொண்டு வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’ என்னும் 2010ஆம் ஆண்டுத் திரைப்படம்.

1947ஆம் ஆண்டின் சென்னைக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலையையும் வார விடுமுறையையும் வகுத்ததே தவிர, இருக்கையைப் பற்றிப் பேசவில்லை. பிரிட்டனிலோ மூன்று பெண் பணியாளருக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று 1899லேயே சட்டம் வந்திருந்தது. கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பாகத் திரண்டு நடத்திய நீண்ட போராட்டத்தின் பயனாக 2018இல் அமரும் உரிமை கிடைத்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் கொண்டுவந்த திருத்தம், பணியிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு ஒவ்வொரு நிறுவனமும் இருக்கை அளிக்க வேண்டும் என்று 22அ என்னும் பிரிவைச் சேர்த்தது. நாள் முழுதும் நிற்பதால் வரும் உடல்நலக் கேடே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இத்திருத்தம் பணியாளரின் கால்களைக் காத்தது. வாடிக்கையாளரின் வசைச் சொல்லிலிருந்து அவரைக் காக்கும் தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் வரவில்லை. 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பணியிடத்திற்கு வரும் வெளியாரிடமிருந்தும் பெண் பணியாளரைக் காக்கும் கடமையை முதலாளிக்கு விதிக்கிறது. ஆனால் பில் போடுமிடத்தில் கேட்கும், பாலியல் சாராத ஏச்சும் மிரட்டலும் அதன் எல்லைக்குள் வருவதில்லை. தமிழ்நாடு இருக்கை தந்த அதே 2021இல், கடைப் பணியாளரை மிரட்டுவதையும் இழிவாக நடத்துவதையும் தனிக் குற்றமாக்கும் சட்டத்தை ஸ்காட்லாந்து இயற்றியது. வாடிக்கையாளரின் துன்புறுத்தலைத் தடுக்கும் டோக்கியோ மாநகரின் விதி 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அடுத்து எடுக்க வேண்டிய அடியும் இத்தகைய சட்டமே.