எண்ணெய்க்குள் கரைஞ்ச சாட்சி

விசுவமடுவின் வரலாறு என்றதும் காடு, குளம், இடப்பெயர்வு என்றுதான் பேசுவோம். கரண்டின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை. 90களில் வன்னியில் ஒரு தலைமுறை குப்பி விளக்கில் படிச்சுத்தான் சோதனை எழுதினது. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் றேடியோ கேட்டது. போர் முடிஞ்ச பிறகு, 2012 இல் ஜப்பானின் கடனுதவியோடு வவுனியா–கிளிநொச்சி 132 கிலோவோற்று மின்வழி வந்தது. அடுத்த வருசம் அது சுன்னாகம் வரை நீண்டது.

இப்படியான வழிகளின் முனையில் நிற்கிற பெரிய ட்ரான்ஸ்போமர்களுக்குள் ஆயிரக்கணக்கான லீற்றர் எண்ணெய் இருக்கும். சூட்டை வெளியேற்றுவதும், பாயக்கூடாத இடத்தில் கரண்ட் பாயாமல் தடுப்பதும் அதன் வேலை. ஆனால் எண்ணெய் காற்றைக் கரைச்சு வைச்சுக்கொள்ளும். கரைஞ்ச ஒட்சிசன் எண்ணெயையும் சுருளைச் சுத்தியிருக்கிற கடதாசியையும் மெல்ல மெல்லப் பழுதாக்கும். உள்ளே கோளாறு தொடங்கினாலோ ஐதரசன், மெதேன், தீப்பொறி பறந்தால் அசற்றிலீன் என்று வேற வாயுக்களும் சேரும். ஜேர்மன் பொறியியலாளர் மாக்ஸ் புக்கோல்ட்ஸ் 1921 இல் செய்த கருவி குமிழாய் மேலே வாற வாயுவைப் பிடிச்சது. கரைஞ்சு கிடக்கிறதை அறிய எண்ணெயை எடுத்துச் சோதிக்கத்தான் வேணும்.

வாயுவை அகற்றுவதற்கான பழைய வழி, எண்ணெயைச் சூடாக்கி வெற்றிடத்துக்குள் விசிறுவது. இன்னொரு வழி மென்சவ்வு. அதன் கதை 1831 இல் பிலடெல்பியாவில் தொடங்குது. றப்பர் பலூன்களில் இருந்து ஒவ்வொரு வாயுவும் ஒவ்வொரு வேகத்தில் வெளியேறுவதை ஜோன் மிற்செல் என்ற வைத்தியர் கவனிச்சார். வாயு றப்பரில் கரைஞ்சு, ஊடுருவி, மற்றப் பக்கத்தால் வெளிவருது என்று 1866 இல் தோமஸ் கிரஹாம் விளக்கினார். நூறு வருசம் கழிச்சு மயிர் போன்ற மெல்லிய குழல்நார்கள் வந்தன. குழாய்க்குள் கட்டுக்கட்டாய் நார்கள்; வெளியே எண்ணெய், நாருக்குள் வெற்றிடம். அமுக்கம் குறைஞ்ச பக்கத்துக்கு வாயு போகும், எண்ணெய் நிற்கும்.

தண்ணிக்கு நுண்துளை உள்ள பொலிப்புரோப்பிலீன் நார் போதும். தண்ணி அந்தத் துளைக்குள் போகாது. எண்ணெய் போய்விடும். அதனால் எண்ணெய்க்குத் துளையில்லாத மெல்லிய தோல் தேவை. அதாவது, கிரஹாம் சொன்ன அதே கரைஞ்சு கடக்கிற வழி.

இதில் நாங்கள் மறக்கக்கூடாத ஒன்று இருக்கு. கரைஞ்ச வாயு இயந்திரத்துக்கு எதிரி மட்டுமில்லை, உள்ளே நடந்ததுக்குச் சாட்சியும் அதுதான். வாசிக்காமல் அகற்றினால் எண்ணெய் சுத்தமாகும், ஆனால் கோளாறு உள்ளேயே கிடக்கும். முதலில் மாதிரி எடுத்து வாசி, பிறகு அகற்று: இதுதான் ஒழுங்கு. தடயங்களை வாசிக்க முதலே துடைச்சுவிடுவது எப்படியானது என்று வன்னிச் சனத்துக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில்தான் இருக்கு. கரண்ட் வந்துவிட்டது. அதன் எண்ணெயை வாசிக்கிற ஆக்களும் எங்கட ஊர்களில் இருந்தே வரவேணும்.