வயற்றாட்டியின் மகளும் லண்டன் பட்டமும்: திருவனந்தபுரத்துப் பெண்கள் சங்கங்களின் தொண்டு குறித்து

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவியர் கூடி அமைத்துக்கொள்ளும் சங்கத்திற்கு 'சொரோரிட்டி' என்று பெயர். சகோதரி எனப் பொருள்படும் 'சொரோர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இது. பட்டம் பெற்று வெளியேறியவர்களும் தத்தம் ஊரில் கிளை அமைத்து, வாழ்நாள் முழுவதும் அதன் பெயரால் சமூகத் தொண்டு செய்வர். திருவனந்தபுரத்தில் இப்பணியை வேறு பெயருடைய சங்கங்கள் செய்தன. அவற்றின் வரலாற்றை எழுதும்போது நாம் யாரை எழுதாமல் விடுகிறோம் என்பதே இப்பதிவின் கேள்வி.

1864இல் தொடங்கப்பட்ட சர்க்கார் பெண்கள் பள்ளி, 1897இல் கல்லூரியாக உயர்ந்தது. வழுதக்காட்டில் இன்றுள்ள அரசு மகளிர் கல்லூரி அதன் தொடர்ச்சியே. ஆயினும் பெண் எதைப் படிக்கலாம் என்பதில் தடை நீடித்தது. 1886இல் பிறந்த மேரி புன்னன், மகாராஜா கல்லூரியில் அறிவியல் பயில விரும்பினார். பெண் என்பதால் இடம் மறுக்கப்பட்டு, வரலாறு படித்து 1909இல் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் சென்று மருத்துவரானார். 1916இல் திரும்பி வந்து தைக்காடு பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். திருமணத்திற்குப் பின் மேரி புன்னன் லூக்கோஸ் என்று அறியப்பட்டார்.

மருத்துவமனைக்குச் சென்று பிள்ளை பெறுவது அன்று வழக்கமில்லை. வீடுகளில் பேறு பார்த்தவர் வயற்றாட்டி. மலையாளச் சொல்தான், எனினும் 'வயிறு' நமக்கும் உரியது, 'ஆட்டி' என்பதை மூதாட்டி, சீமாட்டி ஆகிய சொற்களில் காண்கிறோம். தமிழில் இவரையே மருத்துவச்சி என்றோம். சொல்லிலேயே மருத்துவம் இருக்கிறது. சமூகம் அந்த மதிப்பை அவருக்கு அளிக்கவில்லை. இப்பணியைச் செய்தோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள். பேறு பார்த்த கையைக் கொண்டாடிய வீடே, தீட்டு என்று சொல்லி அவரை வாசலில் நிறுத்தியது.

வயற்றாட்டிகளைப் பழித்து ஒதுக்குவது புதிய மருத்துவருக்கு எளிதாக இருந்திருக்கும். மேரி லூக்கோஸோ அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். தம் முதற்குழந்தையை அதே மருத்துவமனையில் பெற்றெடுத்ததாகவும் அவர் வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. மக்களின் அச்சத்தைப் போக்க இதனினும் வலிய சான்று வேறென்ன வேண்டும்?

அவரே திருவனந்தபுரம் ஒய்.டபிள்யூ.சி.ஏ.வின் நிறுவனத் தலைவர். 1918 முதல் அரை நூற்றாண்டுக் காலம் அப்பொறுப்பில் இருந்தார். 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமைந்ததிலும் அவர் பங்கு உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவில் திருவிதாங்கூரிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்ததால், இது குமரி மாவட்டத் தமிழர்களின் வரலாறும் ஆகும்.

சங்கங்கள் என்றால் ஒரே குரல் என்று கருதவேண்டா. 1935 டிசம்பரில் அகில இந்திய மாதர் மாநாடு திருவனந்தபுரத்தில் கூடியது. தலைமை வகித்தவர் மகாராணி சேது பார்வதி பாய். அமெரிக்காவிலிருந்து மார்கரெட் சாங்கரும் வந்திருந்தார். கருத்தடையை ஆதரிக்கும் தீர்மானத்தைக் கத்தோலிக்கப் பெண்கள் எதிர்த்தனர். விவாதத்திற்குப் பின் தீர்மானம் நிறைவேறியது. பெண்ணுடலைப் பற்றிப் பெண்களே பொது அவையில் வாதிட்டது பெரிய செய்தி. ஆனால் அம்மேடையில் பேசியவர்கள் படித்தவர்களும் உயர்குடியினருமே. பேறுகாலத்தை நாள்தோறும் கண்ட வயற்றாட்டிகள் அங்குப் பேராளர்களாக இல்லை.

அதே 1935இல் அமெரிக்காவில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். 1908இல் ஹோவர்டு பல்கலைக்கழகக் கறுப்பின மாணவியர் தொடங்கிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்னும் சொரோரிட்டி, மிசிசிப்பி மாநிலத்தில் மருத்துவ முகாம்களை நடத்த முனைந்தது. தலைமை ஏற்றவர் டாக்டர் டோரதி ஃபெரிபீ. பருத்தித் தோட்ட முதலாளிகள் தம் குத்தகை உழவர்களை முகாமுக்கு அனுப்ப மறுத்தனர். அப்பெண்கள் மருந்துகளைக் கார்களில் ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கே சென்றனர். 1942 வரை கோடைதோறும் சில வாரங்கள் இப்பணி நடந்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது.

இவ்விரு இடங்களிலும் பட்டம் மட்டும் பயன்தரவில்லை. ஓரிடத்தில் மருத்துவர் தோட்டம் வரை செல்ல வேண்டியிருந்தது. மற்றோரிடத்தில் வயற்றாட்டியின் குடும்பத்தை உடன் அழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தொண்டைப் பெறுபவரின் நம்பிக்கையும், முன்பே அப்பணியைச் செய்துவந்தவரின் அறிவும் சேர்ந்தபோதே சங்கத்தின் பணி நிலைத்தது.

எனினும் நம் வரலாறுகள் கொடுத்தவரின் பட்டியலாகவே நின்றுவிடுகின்றன. தலைவர்களின் பெயர், ஆண்டு, விருது எல்லாம் கிடைக்கின்றன. மேரி லூக்கோஸுக்கு 1975இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டதை எவரும் தேடி அறியலாம். அவரிடம் பயின்ற வயற்றாட்டியின் மகள் என்ன கற்றாள், தன் தாய்க்கு என்ன கற்பித்தாள் என்பதை அப்படி அறிய இயலாது. மேரி லூக்கோஸின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் செய்த செயலின் முழுப் பொருளும் அந்த மகளையும் சேர்த்துப் படித்தால்தான் விளங்கும்.

கரமனையிலோ, சாலையிலோ, நாஞ்சில் நாட்டிலோ வேரூன்றிய குடும்பத்தினர் இதை வாசிக்கக்கூடும். உங்கள் பாட்டிக்குப் பேறு பார்த்த மருத்துவச்சியைப் பற்றி வீட்டில் பேச்சு வழங்கினால், கேட்டு எழுதி வையுங்கள். அந்நினைவுகளைச் சொல்லக்கூடிய தலைமுறை இன்னும் சில ஆண்டுகளே நம்முடன் இருக்கும்.